வரிசை

லிஃப்ட் கதவைவிட மரப்பெட்டி
நான்கு விரற்கடை அகலம்.
படியில் ஏற்ற
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஆறு பேரை வரவழைத்தோம்,
அரிசி மண்டிக்காரர்கள்.
"உள்ள என்னங்க?"
படிக்கிற மெஷின் என்றேன்.
"எத்தன எழுத்து படிக்கும்?"
நாலு.
பெட்டியின் மூலையைத் தோளில் வாங்கியபடியே சிரித்தார்:
"நானே அஞ்சாவது வரைக்கும் போனவனுங்க."

லூர்துநாதன் பெங்களூரிலிருந்து வந்து
மூன்று நாள் தங்கினார், கம்பெனி செலவில்.
மேசைமேல் ரசமட்டம் வைத்துக் காத்திருந்தார்.
மேட்டூருக்கு நிலக்கரி கொண்டுபோகும் கூட்ஸ்
மூன்றே முக்காலுக்குக் கருப்பூரைக் கடக்கையில்
குமிழி
தலைப்பிரட்டைபோல் ஒருமுறை நெளிந்தது.
மேசைக் கால்களுக்கு ரப்பர் கொடுத்தோம்.
ரயிலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.
பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்:
மூன்றரையிலிருந்து நான்கு மணிவரை
யாரும் ஓட்டம் தொடங்கக் கூடாது.

வாசல் பலகையில் 'மரபணு வரிசையாக்க மையம்'.
காவலாளி அதைப் படித்துவிட்டு
வருகிறவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார்.
திருத்தவில்லை நான்.
வரிசை தேவையாகத்தான் இருந்தது.

கட்டணப் பட்டியல் என் பொறுப்பு.
நம் துறைக்கு ஒரு விலை, வெளிக் கல்லூரிக்கு ஒன்று,
கம்பெனி என்றால் மூன்று மடங்கு.
புதிதாகச் சேர்ந்தவை:
நீண்ட வாசிப்பு.
ஒற்றைச் செல், தை மாதத்திலிருந்து.
மைனஸ் எண்பதில் ஒரு தட்டு வாடகைக்கு, மாதம் நூற்றைம்பது.
"ஐந்து ரோட்டில் இந்தக் காசுக்கு
வண்டிகூட நிறுத்த முடியாதும்மா"
என்று இரண்டு தட்டு பிடித்துக்கொண்டார் செங்கோட்டுவேல் சார்.

தொண்ணூற்றாறு குழியும் நிரம்பினால்தான் கட்டுப்படியாகும்.
அதனால்
நாகலூர்க் காப்பி இலையின் துரு,
கன்னங்குறிச்சி ஏரித் தண்ணீர்,
சேகோ ஆலைக் கழிவில் வாழும் என்னென்னவோ,
யசோதை தலைவாசலிலிருந்து கொண்டுவந்த
தேமல் விழுந்த மரவள்ளி,
ஒவ்வொன்றுக்கும் எட்டெழுத்தில் ஒரு வால் ஒட்டி
எல்லாவற்றையும் ஒரே சொட்டில் கலந்தேன்.
டவுன் பஸ் மாதிரிதான்.
டிக்கெட் கையில் இருக்கும்வரை
யார் எங்கே இறங்குவார் என்பதில் குழப்பமில்லை.

இருபத்தொன்பது மணி நேர ஓட்டம்.
இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கத்தியது,
மெஷின் கண்டுகொள்ளவில்லை.
நான் வராந்தாவில் நின்று
நமத்துப்போன தட்டுவடை செட்டைத் தின்றேன்.
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில்
ஒரே ஒரு வண்டியின் வெளிச்சம்
திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.

மரவள்ளி, எண் பதினேழு.
வைரஸ் இருந்தது, எதிர்பார்த்ததே.
வெள்ளை ஈ கொஞ்சம்.
நூற்றுக்கு நான்கு,
மனிதன்.

முதலில் என் கைகளைத்தான் பார்த்தேன்.
பிறகு யசோதையின் போனில் வயல் படங்களை.
மூன்றாவது படத்தில்
குழந்தைவேல், ஒன்றரை ஏக்கர்,
ஒரு கையில் இலை,
உறை பிரியாததால்
பல்லால் கடித்துக் கிழிக்கிறார்.

திரையில் அவர்
துண்டு துண்டாகக் கிடந்தார்,
தேமலுக்கும் ஈக்கும் நடுவே,
அதே நாலெழுத்தில்.

விதியில் சந்தேகமில்லை:
மனித வாசிப்புகளைத் திறந்து பார்க்காமல் நீக்கவும்.
படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
அவர் கையெழுத்துப் போட்டது
இலைக்கு மட்டும்.

நீக்கவா என்றது.
ஆம் என்றேன்.
மூன்றே முக்கால்; மேசை லேசாக அதிர்ந்து நின்றது.

சேவைப் பட்டியலின் கடைசியில்
ஒரு வரி சேர்த்திருக்கிறேன்,
டைரக்டர் இன்னும் கையெழுத்திடவில்லை:
வயலுக்குப் போகும் பை ஒவ்வொன்றிலும்
கத்தரிக்கோல் ஒன்று.
கட்டணம் இல்லை.
திருப்பித் தர வேண்டும.்